வெருவந்த செய்வான் அடையாளம்

1. ஆய்பொருள்

பிறரைத் தன் ஆணையின்கீழ் அடக்கி வைத்தலிலேயே இன்பம் காணும் இயல்பினன் ஒருவனை, அவன் பெருங்கொடுமை இழைப்பதற்கு முன்னரே அடையாளம் காணுதல் இயலுமா? அவன் உடுக்கும் உடை, நோக்கும் நோக்கு, பேசும் பேச்சு, பிறரை எதிர்கொள்ளும் முறை முதலிய அன்றாடக் குறிகள் அவ்வியல்பைப் புலப்படுத்துமா? புலப்படுத்துமெனின், அவற்றுள் நம்பத்தக்கவை யாவை? இவ்வினாக்கள் இன்றைய உளநூலார்க்கே உரியன எனப் பலரும் கருதுவர். அரசனுடைய இயல்பைப் பொருளாகக் கொண்ட பழைய தமிழ் நூல்களும் இவற்றை எழுப்பி, தமக்கே உரிய முறையில் விடை கண்டுள்ளன. அவ்விடையைத் தெளிவாக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஓர் இடரைச் சுட்டுதல் வேண்டும். உருவத்தைக் கொண்டு உள்ளத்தை அளக்கும் முயற்சி மேனாட்டில் நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிக் நகரத்துச் சமயகுரவர் லவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட முகக்குறி நூல் ஐரோப்பா முழுதும் பரவியது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் எழுதிய நூலில், குற்றம் செய்வோர் தாடை, செவி, நெற்றி முதலியவற்றின் அமைப்பால் பிறப்பிலேயே வேறுபட்டவர் என்றார். ஆங்கிலேய மருத்துவர் கோரிங், ஏறத்தாழ 3,000 சிறையாளரை அளந்து பிறரோடு ஒப்பிட்டு 1913-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய தனி உருவம் ஒன்று இல்லை எனக் காட்டினார். அதற்குள் எத்துணையோ பேர் தம் முகத்தின் காரணமாகவே ஐயுறப்பட்டிருப்பர். ஆதலின் குறி காணும் முயற்சியில் பிழை நேரின், பழி சுமப்பவன் குற்றமற்றவன். தப்பிச் செல்பவன் இனிய முகமுடைய கொடியவன். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்னும் பழமொழியை ஆராயாது ஏற்பார் இவ்விரு தீங்கையும் எண்ணுதல் வேண்டும்.

2. கிரேக்கச் சொல்லோவியம்

இப்பொருளைப் பற்றிய மிகப் பழைய சொல்லோவியங்களுள் ஒன்று கிரேக்க மொழியில் உள்ளது. அரிஸ்டாட்டிலின் மாணாக்கரும், அவருக்குப்பின் அவர் கல்விக்கழகத்தின் தலைமையை ஏற்றவருமாகிய தியோபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முப்பது வகை மாந்தரைச் சிறுசிறு ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றுள் இருபத்தாறாவது, சிலர் ஆட்சியை விரும்புவோனைப் பற்றியது.

அவன் நண்பகலில் ஆடையை ஒழுங்குற அணிந்து வெளியே வருவான். மயிர் மிகவும் நீளாது, மிகவும் குறையாது வெட்டப்பட்டிருக்கும். நகங்கள் செவ்விதாகக் களையப்பட்டிருக்கும். ஒரு விழாவை நடத்தப் பத்துப்பேரை அமர்த்துவோம் என மன்றத்தார் கூறினால், ஒருவனே போதும், ஆனால் அவன் ஆண்மையுடையவனாக இருத்தல் வேண்டும் என்பான். ஓமர் பாடிய பெருங்காப்பியத்துள் அவன் நெஞ்சில் நின்றது, பலர் ஆளுதல் நன்றன்று, ஒருவனே ஆளுக என்னும் கருத்துடைய ஓரடி மட்டுமே. எஞ்சியவை எதுவும் அறியான். மன்றத்தில் மெலிந்து அழுக்கேறிய எளியவன் ஒருவன் தன் அருகில் அமர்ந்தால் நாணுவான். பொதுமக்களை நன்றியற்றவர் எனப் பழிப்பான்.

இவ்வோவியம் சுவை மிக்கது. எனினும் இதன்கண் இருவகைக் குறிகள் கலந்து கிடக்கின்றன. ஆடை, மயிர், நகம் என்பன ஒருவகை. எளியவன் அருகில் அமரும்போது கூசுதலும், பலர் கூடிச் செய்யும் தொழிலை ஒருவன் கையில் ஒப்படைக்க விரும்புதலும் மற்றொருவகை. முதல்வகை ஏதென்சு நகரத்துச் செல்வர் பலருக்கும் பொதுவாக இருந்திருக்கும். நகத்தைத் திருத்தமாகக் களைந்த நல்லவனும் அந்நகரில் வாழ்ந்திருப்பான். இரண்டாம் வகையே இயல்பை உணர்த்தும். தியோபிராஸ்டஸ் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார். வள்ளுவரோ முதல்வகையை முற்றிலும் விலக்கி, இரண்டாம் வகையையே கொண்டார். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

3. வள்ளுவர் கொண்ட குறிகள்

பொருட்பாலில் கொடுங்கோன்மையை அடுத்து ‘வெருவந்த செய்யாமை’ என்னும் 57-ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. கொடுங்கோன்மை அரசன் செய்யும் தீய செயல்களைப் பேசுவது. அஃது இருக்கவும் மற்றோர் அதிகாரம் வேண்டப்பட்டது ஏன்? கொலையும் கொள்ளையும் முறைபிறழ்ந்த வரியும் நிகழாத நாட்டிலும் அச்சம் நிலவுதல் கூடும். அவ்வச்சத்தை விளைவிக்கும் ஒழுகலாறே இவ்வதிகாரத்தின் பொருள்.

அதன்கண் வரும் குறிகளைத் தொகுத்துக் காண்போம். காண விழைவார்க்குச் செவ்வி அரியனாதலும், கண்டவிடத்து முகம் இன்னாததாதலும் 565-ஆம் குறளில் கூறப்பெறுகின்றன. கடுஞ்சொல்லும் கண்ணோட்டம் இன்மையும் 566-இல் வருகின்றன. கடுமொழியும் அளவு கடந்த ஒறுத்தலும் 567-இல் அரத்திற்கு உவமேயமாகின்றன. பகைவரை வெல்லும் வலிமையாகிய இரும்பை அவை தேய்த்துவிடும் என்பது கருத்து. தன் இனத்தாராகிய அமைச்சரோடு கலந்து எண்ணாது, பின்னர்ச் சினத்தின்வழிப்பட்டு அவரைச் சீறுதல் 568-இன் பொருள். இவை யாவும் அன்றாட நிகழ்ச்சிகள். போர்க்களமோ கொலைக்களமோ இவற்றுள் இல்லை. வாயில், அவை, உரையாடல், சினம் என்னும் நாள்வாழ்வின் இடங்களிலேயே குறிகள் காணப்படுகின்றன.

ஈண்டுச் ‘செவ்வி’ என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. பரிமேலழகர் இதனைக் காலம் என்னும் பொருளில் கொண்டு, தன்னைக் காணவேண்டுவார்க்கு அக்காலம் அரிதாகச் செய்பவன் எனப் பொருள் விரிக்கின்றார். ஆகவே முகம் என்பது பின்னர் வருவதே. முதலில் வாயில், அதன்பின் முகம் என்பது அக்குறளின் வைப்புமுறை. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவனை நோக்கித் திரும்பும்போது அம்முகம் கொள்ளும் நிலையே இன்னாமை எனப்படுகின்றது. மூக்கின் நீளமும் புருவத்தின் நெறிப்பும் இங்குப் பேசப்படவில்லை. தனித்திருக்கும் அரசனுக்கு இக்குறள் கூறும் முகம் இல்லை. எதிரே ஒருவன் வந்து நின்றவழியே அஃது உண்டாகின்றது.

இக்கொள்கை ஓரிடத்தில் மட்டும் வந்ததன்று. இறைமாட்சியில் 386-ஆம் குறள், காட்சிக்கு எளிமையையும் கடுஞ்சொல் இன்மையையும் இணைத்து அரசனைப் போற்றுகின்றது. அக்காட்சி முறை வேண்டினார்க்கும் குறை வேண்டினார்க்கும் உரியது எனப் பரிமேலழகர் விளக்குவர். செங்கோன்மையில் 548-ஆம் குறள், எளிய செவ்வியனாய் ஆராய்ந்து முறைசெய்யாத மன்னவன் பகைவர் இன்றியும் தானே கெடுவான் என்கின்றது. மூன்று அதிகாரங்களில், ஒருமுறை புகழாகவும் இருமுறை பழியாகவும் இக்குறியே வருதலின், ஆசிரியர் இதனைத் தலையாய குறியாகக் கொண்டார் எனத் துணியலாம். செவி கைக்கும் சொல்லைப் பொறுத்தல் 389-ஆம் குறளில் வேந்தனுக்குப் பண்பாகக் கூறப்படுதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பரிமேலழகர் இவ்வதிகாரத்திற்கு வகுத்த பாகுபாடு மிகவும் நுண்ணிது. குடிகள் அஞ்சுவது, பகுதியாகிய அமைச்சர் முதலியோர் அஞ்சுவது, தானே அஞ்சுவது என வெருவந்த செயல்களை அவர் மூவகைப்படுத்துவர். முன்னரே அரண் செய்துகொள்ளாத வேந்தன் செருவந்த காலத்துத் தான் வெருவிக் கெடுவான் என்னும் 569-ஆம் குறள் மூன்றாம் வகைக்கு உரியது. இக்குறள் இவ்வதிகாரத்தில் அமைந்தது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளராகலாம். பிறரை அஞ்சுவிப்பவனுக்கு இறுதியில் எஞ்சுவது தன் அச்சமே என்பதை அதிகார வைப்பு உணர்த்துகின்றது எனக் கொள்ளின் அவ்வையம் நீங்கும். செவ்வி அரியனாயினான் செய்தி அரியனாவான். இனத்தோடு எண்ணாதவன் இடர் வருவதை முன்னறியான். ஆதலின் அரண் செய்யாமை முன்கூறிய குறிகளின் விளைவே எனலாம்.

4. முகம் காட்டுவதும் மறைப்பதும்

இங்கு ஒரு தடை எழுதல் இயல்பு. அடுத்த பொருளைக் காட்டும் பளிங்குபோல் நெஞ்சத்து மிக்கதை முகம் காட்டும் என வள்ளுவரே 706-ஆம் குறளில் கூறினாரன்றோ? அவ்வாறாயின் முகக்குறி நூலை அவர் உடன்பட்டார் ஆகாரா?

குறிப்பறிதல் அதிகாரத்தை நோக்கின் இத்தடைக்கு விடை கிடைக்கும். அவ்வதிகாரத்துள் முகத்தில் தோன்றுவனவாகக் கூறப்படுவன உவப்பும் வெறுப்பும் போல்வன. அவை தோன்றி மறையும் மனநிலைகள்; நிலைத்த இயல்புகள் அல்ல. ஒருவன் இப்போது சினந்துள்ளான் என்பதை முகம் காட்டும். அவன் என்றும் சினத்தோடு வாழ்பவன் என்பதைக் காட்டாது. பளிங்கு என்னும் உவமையே இதற்குச் சான்று. அருகில் வைத்த பொருளை அகற்றினால் பளிங்கில் அதன் நிறம் நில்லாது.

நிலைத்த இயல்பைப் பற்றிப் பேசுமிடத்து வள்ளுவர் புறத்தோற்றத்தை நம்புதலைப் பலமுறை மறுக்கின்றார். கூடா ஒழுக்கத்தில் குன்றிமணியின் செந்நிறமும் அதன் கரிய மூக்கும், நேரிய கணையின் கொடுமையும் வளைந்த யாழின் செம்மையும் உவமைகளாகின்றன. செயலின் பயனைக் கொண்டே ஒருவனைக் கொள்ளுக என்பது 279-ஆம் குறளின் முடிபு. தலைமயிரை மழித்தலும் சடையை வளர்த்தலும் வேண்டா என 280-ஆம் குறள் விலக்குகின்றது. கிரேக்கர் குறியாகக் கொண்ட மயிரை வள்ளுவர் குறியன்று எனத் தள்ளுவதற்காகவே எடுத்தார் என்பது ஒப்பீட்டில் புலனாகும் ஓர் அழகிய முரண். கூடா நட்பில் 824-ஆம் குறள், முகத்தால் இனிதாக நகும் வஞ்சரை அஞ்சுக என்கின்றது. ஆதலின் இன்முகம் ஒன்றே நற்சான்று ஆகாது. 565-ஆம் குறள் முகத்தைத் தனித்து நிறுத்தாது வாயிலோடு சேர்த்துக் கூறியதன் பயனும் இதுவே. முகத்தை ஒருவன் நடித்துக் காட்டலாம். எளியவன் வந்து காணும் வாயிலை நாள்தோறும் நடிப்பால் திறந்து வைத்தல் அரிது.

குறிப்பறிதல் யாருக்குக் கூறப்பட்டது என்பதும் நினைவிற்குரியது. உரை வகுப்பின்படி அவ்வதிகாரம் அமைச்சியலுள் அடங்கும். ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்பதை அடுத்து நிற்கும். அங்கே அரசன் முன்னிலையில் ஒருவன் செவியில் மறைவாகப் பேசுதலும் பிறனோடு சேர்ந்து நகுதலும் தவிர்க்கப்பெறும். தீயில் குளிர்காய்வார்போல் மிக நெருங்காமலும் மிக நீங்காமலும் பழகுக என்பது அதன் முதற்குறள். ‘இகல்வேந்தர்’ என்று அங்கு வந்த சொல்லுக்கு மாறுபடுதலையுடைய அரசர் என்பது உரை. மனம் மாறும் தலைவனிடம் பணிபுரிவோன் அவன் முகத்தை இடையறாது படிக்க வேண்டியவனாகின்றான். ஆகவே முகம் படித்தல் என்பது அஞ்சுவோன் கற்கும் கலை. அரசன் குடிகளின் முகத்தைப் படிக்கத் தேவையின்றி வாழ்கின்றான். குடிகளோ அவன் முகத்தைப் படியாது வாழ இயலாது. இவ்வொருபுறச் சுமையே அதிகார மனப்பான்மையின் இருப்பிடத்தை நமக்கு உணர்த்தும்.

5. எதிர்நிற்போர் மெய்ப்பாடு

இவ்வாறு நோக்குங்கால், கொடியோன் அடையாளத்தை அவன் மெய்யில் தேடுதலினும் அவன் எதிரே நிற்போர் மெய்யில் தேடுதலே தக்கது என்பது பெறப்படும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு இடந்தருகின்றது. அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் நான்கனைக் கூறுவர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசர். காக்கக் கடவனாகிய இறைவன் பேயோடும் கொடுவிலங்கோடும் கள்வரோடும் ஒரே நூற்பாவில் எண்ணப்படுதல் வியப்பிற்குரியது. திருக்குறளிலோ கோலொடு நின்று பொருள் வேண்டும் அரசன் வேலொடு நின்ற ஆறலைகள்வனுக்கு 552-ஆம் குறளில் ஒப்பாகின்றான். செவ்வி அரியனது செல்வம் 565-ஆம் குறளில் பேயோடு சார்த்தப்படுகின்றது. தொல்காப்பியர் தனித்தனி எண்ணியவற்றுள் இரண்டு, வள்ளுவரிடம் உவமையாக வந்து நான்காவதோடு ஒன்றுபடுகின்றன.

கம்பர் இம்முறையை ஒரு காட்சியாகவே விரித்துள்ளார். ஆரணிய காண்டத்துச் சூர்ப்பணகைச் சூழ்ச்சிப் படலத்தில் இராவணன் மண்டபத்தில் வீற்றிருக்கும் காட்சி வருகின்றது. அவன் தோற்றத்தில் இழிவு ஒன்றும் இல்லை. ஒளியும் அணியும் வீறும் உடையவனாகவே அவனைக் கம்பர் படைத்தார். எனினும் சூழ நிற்போரை அவர் காட்டும்போது உண்மை வெளிப்படுகின்றது. விஞ்சை வேந்தர்கள், அவன் எப்பொழுது தம் பக்கம் நோக்குவான் என்பதை அறியாமையால், கைகளை எந்நேரமும் தலைமேல் குவித்தே நிற்கின்றனர். சித்தர்கள், அவன் மகளிரை நோக்கி ஒரு சொல் சொன்னாலும் தம்மைச் சொன்னதாகக் கருதித் தலை தாழ்கின்றனர். கின்னரர், அவன் அமைச்சரிடம் நல்ல மொழியே பேசினாலும், யாது பணியோ என நடுங்கி இறைஞ்சுகின்றனர்.

இம்மூன்றும் ஒரே அச்சத்தைக் கூறியது கூறலாகப் பாடியன அல்ல. விஞ்சையர் அறியாதது காலம். சித்தர் அறியாதது சொல்லின் இலக்கு. கின்னரர் அறியாதது சொல்லின் பொருள். எப்பொழுது, யாரை, எதன்பொருட்டு என்னும் மூன்றும் தெரியாத நிலையில், அஞ்சுதலைத் தவிர வேறு நெறி அவர்க்கு இல்லை. இராவணன் இக்காட்சியில் யாரையும் ஒறுக்கவில்லை. சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனினும் அவன் ஆட்சியின் தன்மை முழுதும் அவர் குவித்த கைகளில் எழுதப்பட்டுள்ளது. பாலகாண்டத்தில், எதிர்வரும் நகர மாந்தரை முகம் மலர நோக்கி, இடர் யாதும் இல்லையோ, மனையவரும் மக்களும் நலமோ என உசாவும் இராமன் காட்சியை இதனோடு ஒப்பிடின் கம்பர் கருத்து மேலும் தெளிவாகும். அங்கும் முகம் வருகின்றது. ஆனால் அது வினாவோடு வருகின்றது.

அச்சம் செங்கோலன் முன்னும் உண்டன்றோ எனின், உண்டு. வள்ளுவரே கடிதாக ஓச்சுக என்கின்றார். உடனே மெல்ல எறிக எனவும் கூறுகின்றார். தக்கவாறு ஆராய்ந்து, மீண்டும் அக்குற்றம் நிகழாதவாறு ஒப்ப ஒறுத்தலே வேந்தன் கடமை என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள். ஆண்டு அஞ்சுவோன் எதற்கு அஞ்சுகின்றோம் என அறிவான். குற்றம் செய்யாக்கால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆகவே அச்சம் உண்டா இல்லையா என்பது அளவுகோல் ஆகாது. அவ்வச்சத்திற்கு எல்லை உண்டா இல்லையா என்பதே அளவுகோல்.

புறநானூற்று 46-ஆம் பாட்டின் சிறப்பும் இந்நெறியால் விளங்கும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமான் மக்களை யானைக்கு இடவிருந்தபோது கோவூர்கிழார் அவனைத் தடுத்துப் பாடினார். அவர் அரசனுடைய சினந்த முகத்தை விரித்துரைக்கவில்லை. முதலில் அவன் குடிப்பெருமையையும் சிறுவர்தம் குடிச்சிறப்பையும் கூறி, பின்னர் அச்சிறுவர் முகத்தைச் சுட்டுகின்றார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, அறியாத மன்றத்தை மருண்டு நோக்கி, புதியதொரு துன்பம் உடையராய் அவர் நின்ற நிலையைக் காட்டி, கேட்டனை, இனி நீ விரும்பியதைச் செய்க என்று முடிக்கின்றார். குடிகளின் முகத்தைப் படித்துப் பழகாதவனுக்குப் புலவர் படித்துக் காட்டினார். சிறுவர் உய்ந்தனர் என்பது பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும்.

6. செயலும் இயல்பும்

இக்குறிகளைக் கொண்டு சிலப்பதிகாரத்துப் பாண்டியனை ஆராய்தல் பயனுடைத்து. கோவலனைக் கொல்வித்தவன் அவனே. ஊடிய தேவியைத் தெளிவிக்கச் செல்லும் வேளையில், ஆராயாது ஆணையிட்டான். செயலால் அது கொடுங்கோன்மையே, ஐயமில்லை. ஆயின் அவன் இயல்பால் கொடியவனா?

வழக்குரை காதை இதற்கு விடை தருகின்றது. தலைவிரி கோலத்தளாய், ஒற்றைச் சிலம்பு ஏந்திய கையளாய் வந்த கண்ணகியைக் கண்டு வாயிலோன் அஞ்சுகின்றான். கொற்றவை, காளி முதலிய தெய்வங்களை நினைவூட்டும் சொற்களால் அவளை அரசனுக்கு அறிவிக்கின்றான். அரசன் காலம் தாழ்த்தாது அவளை உள்ளே விடச் சொல்கின்றான். செவ்வி எளிமை அங்கே உண்டு. யாரோ நீ என வினவுகின்றான். ஆராயாத மன்னன் என அவள் முகத்தெதிரே பழித்தபோதும் அவளைச் சிறையிடவில்லை. செவி கைக்கும் சொல்லைப் பொறுத்தல் அங்கே உண்டு. தன் சிலம்பைத் தானே வருவித்து முன்வைக்கின்றான். அவள் சிலம்பின் மணி தெறித்ததைக் கண்டவுடன், தன்னையே கள்வன் எனக் கூறி உயிர்விடுகின்றான். தொல்காப்பியர் அடுத்தடுத்து வைத்த கள்வரும் அரசரும் ஒருவனேயாயினமையை அவன் வாயே ஒப்புக்கொள்கின்றது.

இஃது இளங்கோவடிகள் பாண்டியனை மன்னித்ததாகாது. கோவலன் உயிர் மீளவில்லை, மதுரையும் எரிந்தது. எனினும் கொடுஞ்செயல் ஒன்றைச் செய்தவனுக்கும் கொடுமையே இயல்பானவனுக்கும் உள்ள வேற்றுமையை அடிகள் தெளிவாகக் காட்டினார். அவ்வேற்றுமை வாயிலிலும் செவியிலும் தோன்றுகின்றது. இராவணன் அவையில் ஒரு கொடுஞ்செயலும் நிகழாதபோதே கொடுமை நிறைந்திருந்தது. பாண்டியன் அவையில் கொடுஞ்செயல் நிகழ்ந்த பின்னும் முறைக்கு வழி இருந்தது. குறிகளை முகத்தில் தேடுவார்க்கு இவ்வேற்றுமை புலப்படாது.

7. உடன்படுவோர்

அதிகார மனப்பான்மையைப் பற்றிய இக்கால ஆராய்ச்சியுள் தலையாயது, அடோர்னோ, பிரெங்கல்-பிரன்சுவிக், லெவின்சன், சான்போர்டு என்னும் நால்வர் 1950-இல் அமெரிக்காவில் வெளியிட்ட பெருநூலாகும். ஐரோப்பாவில் நாசிசம் விளைத்த பேரழிவின்பின், அத்தகைய ஆட்சிக்கு இணங்கும் மனம் எத்தகையது என அவர் வினவினர். ஆள்பவனைவிட ஆட்படுவோனையே அவர் ஆராய்ந்தனர். மேலோர்க்கு வணங்குதல், விலக்கப்பட்டாரை வெகுளுதல், வழக்கத்தை வழுவாது பற்றுதல் முதலிய ஒன்பது கூறுகளை வகுத்து, அவற்றை அளக்க ஒரு வினாத்தொகுதியும் அமைத்தனர்.

அந்நூல் கண்டனத்திற்கும் ஆளாயிற்று. வினாக்கள் அனைத்தும் ஒரே திசையில் அமைந்தமையால், எதற்கும் ஆம் எனக் கூறும் பழக்கமுடையோரும் அதிகார மனத்தினராக எண்ணப்படுவர் என்றனர் சிலர். ஒருசார் அரசியற் கொள்கையினரையே அது நோக்கிற்று எனச் சில்சு 1954-இல் வெளிவந்த தொகைநூலில் எழுதினார். பின்னர்க் கனடாவைச் சார்ந்த ஆல்ட்டமேயர் 1981-இல் ஒன்பது கூறுகளை மேற்கூறிய மூன்றாகச் சுருக்கினார். அடக்கியாள விரும்புவோரையும் அடங்கி நிற்க விரும்புவோரையும் வெவ்வேறு அளவைகளால் அளத்தல் அதற்குப் பின்னரே பெருவழக்காயிற்று.

வள்ளுவரின் அதிகாரம் 570-ஆம் குறளோடு முடிகின்றது. கடுங்கோல் கல்லாரைத் தனக்குத் துணையாகப் பிணிக்கும். நிலத்திற்கு அதனினும் பெரும்பொறை வேறில்லை என்பது அதன் கருத்து. நீதிநூல் முதலியன கற்றார் உடன்படாராதலின், உடன்படும் கல்லாரையே அது கூட்டும் என்பது உரையால் பெறப்படும். முன்னைக் குறள்களில் அஞ்சுவிப்போனையும் அஞ்சுவோரையும் காட்டிய ஆசிரியர், இறுதியில் மூன்றாமவரைக் காட்டுகின்றார். அவர் அஞ்சுவோர் அல்லர். அச்சத்தில் பங்கு பெறுவோர். நிலம் சுமக்கும் சுமை அரசன் ஒருவனால் ஆயதன்று. அவனைச் சூழ்ந்தோராலும் ஆயது.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடன். மேனாட்டார் 1950-இல் கண்டதை வள்ளுவர் அன்றே கண்டார் என மகிழ்தல் எளிது. அது நூலையும் போற்றாது, ஆய்வையும் போற்றாது. வள்ளுவர் வினாத்தொகுதி அமைத்தாரல்லர். குழந்தைப் பருவத்து வளர்ப்பை ஆராய்ந்தாரல்லர். அவர் கூறும் கல்லார், அரசனைச் சேர்ந்து நிற்போர். அடோர்னோ முதலியோர் ஆராய்ந்தவர், பெரும்பாலும் அமெரிக்க நாட்டு நடுத்தர மக்கள். இரண்டும் ஒன்றாகா. ஆயினும் ஒரு வகையில் தமிழ்நூல் இன்றைய ஆய்வாளர்க்கும் நினைவூட்டத்தக்கதைக் கூறுகின்றது. வினாத்தொகுதி ஒருவனைத் தனியே இருத்தி, அவன் தன்னைப்பற்றிக் கூறுவதைக் கேட்கின்றது. தமிழ்நூல்கள் அவனை வாயிலிலும் அவையிலும் நிறுத்தி, அவனைப்பற்றிப் பிறர் உடல் கூறுவதைக் கேட்கின்றன. தன்னைக் கொடியவன் என்று தானே உணர்ந்த கொடியவர் மிகச் சிலர். அவர்முன் நின்று நடுங்கியவர் அதனை நன்கு அறிவர்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். உடையும் மயிரும் உறுப்பமைப்பும் அதிகார மனப்பான்மைக்குக் குறிகள் ஆகா; அவற்றை நம்புதல் குற்றமற்றவர்க்குத் தீங்காய் முடியும். முகமும் தனித்து நின்று சான்று ஆகாது. செவ்வி, செவி, சொல், சினம் என்னும் நான்கிலும் ஒருவன் தன்னிற் கீழோரிடம் நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையே நம்பத்தக்க குறி. அதனை அளந்தறியும் கருவி, அவன் எதிரே நிற்போர் கொள்ளும் அச்சத்திற்கு எல்லை உண்டா என்னும் வினா.

காப்பியத் தலைவர்களின் பண்பை ஆராயப் புகும் மாணாக்கர், தலைவனைப் புலவர் வருணித்த பாடல்களையே பெரும்பாலும் தொகுக்கின்றனர். அத்தொகுப்பில் இராவணனும் இராமனும் பொலிவால் பெரிதும் வேறுபடார். வாயிற்காவலர், ஏவலர், அமைச்சர், வழக்கொடு வந்தோர் ஆகியோர் நிற்கும் நிலையைப் புலவர் கூறும் பாடல்களையும் உடன் தொகுத்தல் வேண்டும். அரசன் இயல்பு அங்கே கூறப்பட்டிருக்கும்.